அம்மாவின் 70ஆவது பிறந்தநாள்: சீ சார் கடையில் என்னென்ன சொல்லி வைப்பது?

தோ பாயோ செல்வன்:
வணக்கம். அடுத்த மாதம் அம்மாவுக்கு 70 வயது நிறைகிறது. ஹோட்டலில் விருந்து வைக்கலாம் என்றார் அண்ணன், அம்மா மறுத்துவிட்டார். எங்கள் புளோக்கின் கீழே காப்பிக்கடையில் இருக்கும் சீனரின் சீ சார் கடைதான் (கேட்ட உணவை உடனே சமைத்துத் தட்டுத் தட்டாகத் தரும் கடை) வேண்டுமாம். அப்பா இருந்த காலத்தில் சம்பளம் வந்ததும் எங்களை அங்கேதான் அழைத்துப் போவார். இறால் ஓட்டை எப்படி உரிப்பது என்று அவர் எனக்குக் காட்டிக் கொடுத்ததும் அந்தக் கடையில்தான்.

பத்துப் பேர் வருகிறோம். மாட்டிறைச்சி யாருக்கும் ஆகாது. அத்தை சுத்த சைவம், முட்டைகூடத் தொட மாட்டார். வழக்கமாக நாங்கள் வாங்குவது இனிப்புப் புளிப்பு மீனும் வெள்ளைச் சோறும்தான். விருந்து என்றால் எதை, எந்த வரிசையில் சொல்ல வேண்டும்?

நண்டுப் பிரியன்:
மிளகாய் நண்டு இல்லாமல் சிங்கப்பூரில் விருந்தா? பொரித்த மந்தாவ் என்னும் சீன பன் இரண்டு தட்டு சேர்த்துச் சொல்லுங்கள். குழம்பைத் தொட்டுச் சாப்பிட அதைவிடப் பொருத்தமானது இல்லை. நண்டை எடை போட்டு, விலை கேட்டுக்கொண்ட பிறகே சமைக்கச் சொல்லுங்கள். பட்டியலில் ‘சந்தை விலை’ என்று மட்டும் போட்டிருப்பார்கள்.

ஈசூன் மருமகள்:
தம்பி, நான் தியோச்சியூ என்னும் சீனப் பிரிவைச் சேர்ந்த குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். என் மாமியாரின் பிறந்தநாள் ஒவ்வோர் ஆண்டும் சீ சார் கடையில்தான். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் அத்தை. நம் குடும்பங்களில் சைவம் சாப்பிடுகிறவருக்கு ஒரு தட்டுக் காய்லான் கீரையைத் தனியே வாங்கி ஓரமாக வைத்துவிடுகிறோம். மற்றவர்கள் எட்டு வகை சாப்பிடும்போது அவர் அந்தக் கீரையைக் கிளறிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்தக் கீரையிலும் சிப்பியில் செய்த ஆய்ஸ்டர் சாஸ் ஊற்றியிருக்கும்! எனக்கு இது ஆறவே ஆறாது. சீனச் சமையலுக்குச் சைவம் புதிதல்ல. பௌத்தர்கள் பலர் சீன மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் சைவம்தான். பூண்டும் வெங்காயமும்கூட ஒதுக்குவார்கள். ஆகவே இரண்டு நாள் முன்னதாகவே கடைக்குப் போய்ச் சமையல்காரரிடம் பேசுங்கள். கூட்டமில்லாத மதியம் மூன்று மணி வாக்கில் போவது நல்லது. கழுவிய சட்டி, பன்றிக் கொழுப்பு வேண்டாம், கோழிச் சாறு வேண்டாம், ஆய்ஸ்டர் சாஸுக்குப் பதிலாகக் காளான் சாஸ். இவ்வளவையும் சீனத்தில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தால் குழப்பம் வராது.

யாம் ரிங் சொல்லுங்கள். சேப்பங்கிழங்கை மசித்து, வளையமாக்கிப் பொரித்து, நடுவில் காய்கறியும் முந்திரியும் நிரப்பித் தருவார்கள். வழக்கமாகக் கோழியோ இறாலோ போடுவார்கள். கிழங்கு மாவிலும் கொழுப்பு சேர்ப்பதுண்டு, கேட்டுவிடுங்கள். சைவமாகச் செய்யச் சொல்லி மேசையின் நடுவில் வைத்தால் எல்லோரும் அத்தையோடு சேர்ந்து சாப்பிடலாம். விருந்து அதில்தான் தொடங்க வேண்டும்.

அடுத்தது மீன். பொரித்தது வேண்டாம், அன்றைக்கு மட்டுமாவது ஆவியில் வேகவைத்த வௌவால் வாங்குங்கள். தியோச்சியூ முறையில் ஊறுகாய்க் கடுகுக்கீரை, உப்பிட்ட பிளம், தக்காளி, இஞ்சி, தோஃபு எல்லாம் சேரும். அந்தப் புளிப்புச் சாறு நம் நாக்குக்கு உடனே பிடித்துப்போகும். எல்லோரும் உட்கார்ந்த பிறகே வேகவைக்கச் சொல்லுங்கள். ஆறினால் ருசி போய்விடும். மீனின் தலை அம்மாவைப் பார்த்து இருக்கட்டும், அது மூத்தவருக்குச் செய்யும் மரியாதை. மேல்பக்கம் தீர்ந்ததும் மீனைப் புரட்டாதீர்கள், முள்ளை மட்டும் தூக்கி எடுங்கள். புரட்டினால் படகு கவிழும் என்பது மீனவர் நம்பிக்கை. என் மாமியார் இதில் விட்டுக்கொடுக்கவே மாட்டார்.

கோழி, இறால், நண்டு எல்லாம் உங்கள் விருப்பம். கடைசியில் பிறந்தநாள் மீ, அதாவது நூடுல்ஸ், கட்டாயம் வேண்டும். நீளமான மீ நீண்ட ஆயுளுக்கு. கடித்துத் துண்டாக்காமல் உறிஞ்சிச் சாப்பிட வேண்டும். பெரும்பாலான கடைகளில் ஈ-ஃபூ மீ தருவார்கள், அதில் முட்டை உண்டு. நீங்கள் மீ சுவா கேளுங்கள். கோதுமை மாவும் உப்பும்தான், வீட்டுப் பிறந்தநாட்களில் நாங்கள் செய்வதும் அதுவே. காளான், கேரட் போட்டு வறுத்தால் அத்தையும் சாப்பிடலாம்.

தோ பாயோ செல்வன்:
அக்கா, மிக்க நன்றி. அத்தையைப் பற்றி நீங்கள் எழுதியதை அண்ணனுக்கும் அனுப்பினேன். நாளையே கடைக்குப் போகிறேன். கேக் வாங்கலாமா?

ஈசூன் மருமகள்:
பேரப்பிள்ளைகளுக்காக வாங்குங்கள். ஆனால் சீனர்களுடைய பிறந்தநாள் பலகாரம் ‘ஷோ தாவ்’. பீச் பழ வடிவில் இளஞ்சிவப்புச் சாயம் தொட்ட வெள்ளை பாவ் (ஆவியில் வெந்த பன்), உள்ளே தாமரை விதை விழுது அல்லது சிவப்புப் பயறு. பன்றிக் கொழுப்பு சேர்க்காததாகக் கேட்டு, முன்னதாகவே சொல்லி வையுங்கள். சீ சார் கடைகளில் பெரும்பாலும் இருக்காது, பாவ் கடையில்தான் வாங்க வேண்டும். ஆவி பறக்கக் கொண்டுவந்து அம்மா கையில் முதல் பாவைக் கொடுங்கள்.

நண்டுப் பிரியன்:
இன்னொன்று: மேசையில் வைக்கும் வேர்க்கடலைக்கும் ஈரத்தாளுக்கும் பல இடங்களில் காசு உண்டு. வேண்டாமென்றால் தொடாமல் திருப்பிக் கொடுத்துவிடலாம். குளிரூட்டிய உணவகம் என்றால் 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் 9 விழுக்காடு ஜிஎஸ்டியும் சேரும். காப்பிக்கடையில் சேவைக் கட்டணம் அநேகமாக இருக்காது. அந்த மிச்சத்தில் நண்டு ஒன்று கூடுதலாகச் சொல்லுங்கள்.