4 வயசு பையனுக்கு ஓ.டி. (ஆக்குபேஷனல் தெரபி) சொல்லிருக்காங்க, ஊஞ்சல்ல ஆட்டுறதுதான் தெரபியா?

நெல்லை அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். பையனுக்கு 4 வயசு, போன வருஷம் ஆட்டிசம்னு சொன்னாங்க. ஸ்பீச் தெரபி போறோம், பேச்சு கொஞ்சம் கொஞ்சமா வருது. ஆனா வீட்ல பெரும்பாடு வேற விஷயத்துலதான். மிக்ஸி போட்டா காதைப் பொத்திக்கிட்டு அலறுறான், குக்கரை அடுப்புல வச்சாலே வாசலுக்கு ஓடிடுறான், முடி வெட்ட ரெண்டு பேர் பிடிச்சாலும் முடியல, தயிர்சாதம் அப்பளம் ஒரு பிஸ்கட் இதைத் தவிர எதையும் வாயில வைக்க மாட்டேங்கான். இன்னொரு பக்கம் சோபாவுலேருந்து குதிச்சுக்கிட்டே இருப்பான், விழுந்து முட்டி பேந்தாலும் அழுகை கிடையாது. டாக்டர் ஆக்குபேஷனல் தெரபி எழுதிக் கொடுத்தார். வாரம் 3 நாள், 45 நிமிஷத்துக்கு 600 ரூபாய். என்னை வெளிய உட்கார வச்சிட்டு உள்ள ஊஞ்சல்ல ஆட்டுறாங்க, பிரஷ் வச்சு கை காலைத் தேய்க்கிறாங்க. எதுக்குன்னு கேட்டா சென்சரின்னு ஒரே வார்த்தை. ஊஞ்சல் ஆட்டவா இவ்வளவு காசு, வீட்லயே தூளி கட்டலாமேங்கறாங்க மாமியார். நிஜமா பலன் இருக்கா? சரியான தெரபிஸ்ட்னு எப்படிக் கண்டுபிடிக்க?

ஓ.டி. தெரபிஸ்ட், சென்னை:
சிஸ்டர், நான் குழந்தைகளுக்குத்தான் ஓ.டி. பண்றேன், விவரமாவே சொல்றேன். சென்சரின்னா உணர்வு சம்பந்தப்பட்டது. கண்ணு காது மூக்கு நாக்கு தோல் தவிர இன்னும் ரெண்டு உணர்வு இருக்கு. ஒண்ணு உள்காதுல இருக்குற பேலன்ஸ், இன்னொண்ணு தசையும் மூட்டும் அனுப்புற சேதி, அதை வச்சுத்தான் நம்ம கை கால் எங்க இருக்குன்னு பார்க்காமலே தெரியுது. உங்க பையனுக்கு சத்தமும் தொடுதலும் அளவுக்கு மீறி உறைக்குது, தசை அழுத்தம் மட்டும் போதாம இருக்கலாம், அதான் குதிச்சு குதிச்சு தேடுறான். ஒரே பிள்ளைகிட்ட ரெண்டும் இருக்கும், 2013ல வந்த டிஎஸ்எம் 5ங்கற அமெரிக்க மனநல மருத்துவக் கையேடு இதை ஆட்டிசத்தோட அடையாளங்கள்லயே சேர்த்துடுச்சு. ஊஞ்சல் வழியா இதைச் சரி பண்ணலாம்ங்கற யோசனை ஜீன் ஏர்ஸ்னு ஒரு அமெரிக்க ஓ.டி. அம்மாவோடது, 1972ல புத்தகமே போட்டாங்க.

பலன் இருக்கான்னா நேர்மையா சொல்லணும். 2014ல அமெரிக்காவுல 32 பிள்ளைங்களை வச்சு பண்ண ஆய்வுல, ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியா வச்ச இலக்குல நல்ல முன்னேற்றம் தெரிஞ்சுது. 2022ல பிரிட்டன்ல 138 பிள்ளைங்களை வச்சு பார்த்தப்போ, வழக்கமான கவனிப்பை விட நடத்தையில பெருசா வித்தியாசம் வரல. அதனால ஊஞ்சல் ஆட்டுனா ஆட்டிசம் குறையும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. பிரஷ் தேய்க்கிறது, வெயிட் போட்ட ஜாக்கெட் இதுக்கெல்லாம் ஆதாரம் ரொம்ப கம்மி. இலக்கு எழுத்துல இருக்கணும், அதுவும் வீட்டு விஷயமா இருக்கணும். "3 மாசத்துல சலூன் சேர்ல அப்பா மடியில 5 நிமிஷம் உட்காரணும்" இப்படி. ஊஞ்சல் அதுக்கு எப்படி உதவுதுன்னு தெரபிஸ்ட் வாயால சொல்லணும், உங்களையும் உள்ள விடணும். ஏன்னா அவங்க கையில வாரத்துக்கு ரெண்டே கால் மணி நேரம்தான், மீதி எல்லாம் உங்க கையில. படிப்பு பி.ஓ.டி.யா (ஓ.டி. இளங்கலைப் பட்டம்) எம்.ஓ.டி.யான்னு (முதுகலை) தயங்காம கேளுங்க, வலிப்பு வந்த பிள்ளைன்னா ஊஞ்சலுக்கு முன்னாடியே சொல்லிடுங்க. காது டெஸ்ட் பண்ணலன்னா அதை முதல்ல பண்ணுங்க.

மதுரை அப்பா:
தங்கச்சி, முடி வெட்டுறதுல நாங்க பட்ட பாடு கொஞ்சமில்ல, இப்ப மகன் தானா உட்காருதான். எங்க ஓ.டி. மேடம் சொன்ன வழிதான். மொதல்ல கடையை வெளிய நின்னு பார்த்துட்டு வந்துருவோம், அப்புறம் உள்ள போயி சேர்ல சும்மா உட்கார்ந்துட்டு வர்றது, வெட்டவே மாட்டோம். எங்க ஏரியாவுல செவ்வாய்க்கிழமை சலூன் லீவு, அந்த அண்ணன் எங்களுக்காக அன்னிக்கு கடையைத் திறந்தாரு, கூட்டமில்ல டிவி இல்ல, மெஷின் போடாம கத்திரிக்கோல் மட்டும். கிளம்புறதுக்கு முன்னாடி தலையை நல்லா அழுத்தி எண்ணெய் தேய்ச்சுவிடணும், லேசா தடவுனாத்தான் இவங்களுக்கு எரிச்சல். அந்தத் துணியைப் போர்த்தாம பழைய சட்டையோட உட்கார வச்சோம், முடிஞ்ச கையோட குளியல்.

காசு விஷயம், பெரிய அரசு ஆஸ்பத்திரியில டி.இ.ஐ.சி.ன்னு ஒரு மையம் இருக்கும், பிள்ளைங்களுக்கு தெரபி இலவசம், போய் விசாரிங்க. சென்னை பக்கத்துல முட்டுக்காட்டுல நிப்மெட்னு மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசு நிறுவனம் இருக்கு, அசெஸ்மென்ட்டுக்குப் போகலாம். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல ஆட்டிசமும் இருக்கறதால யுடிஐடி கார்டு (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) வாங்கிருங்க, அதுக்கப்புறம் நிராமயான்னு வருஷம் 1 லட்சம் வரைக்கும் இன்சூரன்ஸ், தெரபி செலவுல ஒரு பகுதியும் கிடைக்கும்.

கோவை அக்கா:
சாப்பாட்டைப் பத்தி மட்டும் சொல்றேனுங்க. எல்லாத்தையும் சென்சரின்னு முடிவு பண்ணிடாதீங்க, மலச்சிக்கல் இருக்கா, பல்லு சொத்தையா, ரத்தத்துல இரும்புச்சத்து எப்படின்னு டாக்டர்கிட்ட பாத்துடுங்க. தயிர்சாதத்துக்குள்ள கேரட் துருவி ஒளிச்சு வைக்காதீங்க, கண்டுபிடிச்சான்னா இருக்குற தயிர்சாதத்தையும் விட்டுடுவான். புதுசா ஒண்ணை தட்டுல ஓரமா வையுங்க, தொட்டா போதும், மோந்து பார்த்தா போதும், வாயில திணிக்கவே கூடாது. இது மாசக்கணக்குல ஆகுமுங்க.

நெல்லை அம்மா:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இலக்கை எழுதித் தரச் சொல்லி நாளைக்கே கேட்கப்போறேன். மேடம், மிக்ஸிக்கு வீட்ல என்ன பண்ணலாம்? அவன் தூங்கும்போது அரைச்சு வச்சிடுறேன், பண்டிகை நாள்ல முடியல.

ஓ.டி. தெரபிஸ்ட், சென்னை:
முடிஞ்சப்போ அவன் தூங்கும்போதே அரைச்சுக்கோங்க, தப்பே இல்ல. முழிச்சிருக்கும்போது திடீர்னு மட்டும் போடாதீங்க. "அம்மா மிக்ஸி போடப்போறேன், 10 எண்ணுனா முடிஞ்சிடும்"னு சொல்லிட்டு போடுங்க, எண்ணி முடிச்சதும் கண்டிப்பா நிறுத்திடணும். அவன் வேற ரூம்ல இருக்கட்டும், காதை மூடுற ஹெட்போன் கொடுங்க, கோயில் மேளத்துக்கும் அது உதவும், ஆனா நாள் முழுக்க மாட்டி விடாதீங்க. கொஞ்ச நாள்ல அவனே கிட்ட வந்தா சுவிட்ச்சை அவனையே போடச் சொல்லுங்க, சத்தம் அவன் கையில இருந்தா பயம் குறையும். குதிக்கிறதுக்கு பதிலா கனமான வேலை கொடுங்க, ஈரத் துண்டு பிழியறது, துணி வாளியைத் தள்ளுறது, சப்பாத்தி மாவு பிசையறது, சுவத்தைத் தள்ளுறது. மாமியார் கட்டச் சொன்ன தூளியும் நல்லதுதான், நல்லா இறுக்கிக் கட்டி முன்னயும் பின்னயும் மெதுவா ஆட்டச் சொல்லுங்க, சுத்தி விட வேணாம். அப்புறம் வலி தெரியாத பிள்ளைன்னு சொன்னீங்கல்ல, விழுந்தா அழலையேன்னு விட்டுடாம உடம்பை ஒரு தடவை தடவிப் பாருங்க.