கொழும்பு ஆட்களிடம் உங்கள் கண்டுபிடிப்பைக் காட்டிய அனுபவம் உண்டா?

விசுவமடுவான்:
கச்சான் (நிலக்கடலை) உடைக்கும் மெஷின். சைக்கிள் செயின், பழைய டயர்த் துண்டு, கம்பி வலை, அவ்வளவுதான். பருப்பு நொறுங்காமல் கோது மட்டும் கழர, டயருக்கும் வலைக்கும் எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்று பிடிக்கவே இரண்டு போகம் போனது. கண்காட்சியில் நடுவர் வந்தார். கைபிடியைச் சுற்றிக் காட்டினேன். தட்டில் விழுந்த பருப்பில் நாலை எடுத்து வாயில் போட்டார். "நல்ல கச்சான், எந்த இடம்?" என்றார். சொன்னேன். தலையாட்டிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். அந்த இடைவெளியைப் பற்றி ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்.

கிளிநொச்சி ரீச்சர்:
எங்கள் பிள்ளை வயல் ஈரம் பார்க்கும் கருவியை ஐந்து நிமிடம் விளக்கினாள். மொழிபெயர்க்க வந்தவர் சிங்களத்தில் ஒரே வசனம் சொன்னார். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாளே, அந்தப் பார்வை!

குளத்தடி:
விசுவமடுவான், பிழை உங்களிலும் இருக்கிறது. நடுவர் கேட்கவில்லை என்றால் நீங்களே சொல்லியிருக்க வேண்டும். என் கண்டுபிடிப்பைப் பார்த்தும் ஒருவர் "மீனுக்கா, நெல்லுக்கா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார், விடுங்கள். முதலில் யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று பாருங்கள். 1994ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தில் வந்த தேசிய விஞ்ஞான மன்றம் ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கும் இடம். அதே சட்டத்தில் வந்த விஞ்ஞான தொழினுட்ப ஆணைக்குழுவின் வேலை அரசுக்குக் கொள்கை ஆலோசனை சொல்வது. உங்களைப் போன்றவர்களுக்கு 1979இன் சட்டப்படி அமைந்த புத்தாக்குநர் ஆணைக்குழு இருக்கிறது. பிரதேச செயலகத்தில் விதாதா (ஊர்களுக்குத் தொழினுட்பம் கொண்டுவரும் அரசத் திட்டம்) ஆட்களையும் கேளுங்கள். ஆக்கவுரிமை (பேட்டன்ட்) வேறு கதை, அதற்குப் புலமைச் சொத்து அலுவலகம். கிடைத்தால் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருடம் செல்லும். நீங்களே கண்காட்சியில் காட்டியிருந்தாலும் பரவாயில்லை, ஒரு வருடத்துக்குள் விண்ணப்பித்துவிட வேண்டும். உடனே செய்யுங்கள்.

விசுவமடுவான்:
அண்ணை, அந்த ஒரு வருடம் போன மாதம் முடிந்துவிட்டது.

கிளிநொச்சி ரீச்சர்:
குளத்தடி, அந்த விண்ணப்பத்தை எங்கள் பிள்ளைக்கு யார் நிரப்பிக் கொடுப்பது? நீங்களா?

விசுவமடுவான்:
மெஷின் இப்பவும் ஓடுது. தர்மபுரத்திலும் ஒன்று ஓடுதாம். போய்ப் பார்த்தேன். நான் செய்ததல்ல, ஆனால் இடைவெளி அதேதான்.