17 கிலோ ரிசீவரா, ரெண்டு கிலோ டப்பாவா? வைகை வாட்ஸுக்கு ஒரு பதில்

பழங்காநத்தம் பாஸ்:
இன்று காலை வாட்ஸ்அப் குழுவில் தம்பி 'வைகை வாட்ஸ்' ஒரு முத்து உதிர்த்திருக்கிறார்: "எழுபதுகளின் ஸ்டீரியோ ரிசீவர் என்பது பாதி இரும்பு, பாதி ஏக்கம். ரெண்டு கிலோகூட வராத என் கிளாஸ்-டி ஆம்ப் அதைவிடச் சுத்தமாகப் பாடும்." அங்கே பதில் போட்டால் குட் மார்னிங் படங்களுக்கு அடியில் போய்விடும். அதனால் இங்கே எழுதுகிறேன். புதியவர்களுக்கு: ரிசீவர் என்றால் ரேடியோவும் ஆம்ப்ளிபயரும் ஒரே பெட்டியில்; கிளாஸ்-டி என்றால் மின்சாரத்தை வேகமாக ஆன்-ஆஃப் செய்து ஓடும் சின்ன ஆம்ப்ளிபயர்.

என் வீட்டில் ஓடுவது மராண்ட்ஸ் 2270. சேனலுக்கு 70 வாட்ஸ், 8 ஓம் ஸ்பீக்கரில், 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, ரெண்டு சேனலும் ஒன்றாக ஓடும்போது. டிஸ்டார்ஷன், அதாவது ஒலிச் சிதைவு, 0.3 சதவீதத்துக்குள். முகப்பு கெட்டி அலுமினியம். குமிழ்களைத் தொட்டாலே தெரியும், பிளாஸ்டிக்கில் முலாம் பூசிய வேலை இல்லை. ஸ்டேஷன் மாற்ற, படுக்கை வாட்டில் ஒரு சக்கரம். ஒரு சுண்டு சுண்டினால், உள்ளே இருக்கும் ஃப்ளைவீலின் கனத்தில் டயல் முள் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு வழுக்கிக்கொண்டு போகும். ஆன் செய்ததும் நீல வெளிச்சம். தம்பியின் டப்பாவில் ஒரே ஒரு குமிழ், அதுவும் ஆடுகிறது. நானே பார்த்தேன்.

எங்கள் தெரு மளிகைக் கடைத் தராசில் என் ரிசீவரை வைத்துப் பார்த்தாயிற்று. 17 கிலோ. அந்த 17 கிலோவில்தான் சத்தமே இருக்கிறது.

வைகை வாட்ஸ்:
ஒரே கேள்வி அண்ணே. அந்த 17 கிலோ மரப்பெட்டியோடா, பெட்டி இல்லாமலா?

பழங்காநத்தம் பாஸ்:
சத்தத்தைப் பற்றிப் பேசினால் தச்சு வேலை பற்றிக் கேட்கிறார். இதுதான் இந்தக் காலத்து இன்ஜினியரிங் படிப்பு.

வைகை வாட்ஸ்:
எடையைப் பற்றிப் பேச்சை எடுத்தது நீங்கள். 2270-க்கு அந்த வால்நட் பெட்டியைக் கம்பெனி தனியாகத்தான் விற்றது. டபிள்யூ.சி-22 என்று அதற்குத் தனி மாடல் எண்ணே உண்டு. பெட்டி பாடாது. ஆகவே மறுபடியும் கேட்கிறேன்: பெட்டியோடா, இல்லாமலா?

மாட்டுத்தாவணி மோனோ:
மளிகைக் கடைத் தராசா? அப்படியென்றால் அரைக் கிலோ கழித்துக்கொள்ளுங்கள்.

செல்லூர் சால்டர்:
வணக்கம். பழைய செட்டுகளைத் திறந்து மூடுவதுதான் என் பிழைப்பு, அதனால் ரெண்டு வார்த்தை.

எடை என்பது பெரும்பாலும் டிரான்ஸ்பார்மர், அப்புறம் ஹீட் சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் துடுப்பு), அப்புறம்தான் தகடும் முகப்பும். பெரிய டிரான்ஸ்பார்மர், பெரிய ஃபில்டர் கண்டன்சர் (மின்சாரத்தைச் சேர்த்து வைத்துச் சமன்படுத்தும் பாகம்) இருந்தால் பாட்டில் திடீரென்று ஒரு தவில் அடி விழும்போது வோல்டேஜ் சரியாமல் தாங்கும். அது உண்மை. ஆனால் ஐம்பது வருஷம் ஆன கண்டன்சர் உள்ளே காய்ந்து கிடந்தால், டிரான்ஸ்பார்மர் எத்தனை கிலோ இருந்தாலும் ஹம் என்ற உறுமல் வரும். என்னிடம் வரும் செட்டுகளில் பலவற்றில் வால்யூமைத் திருப்பினால் கரகரவென்கிறது, ரிலே கருகியிருக்கிறது, ஒரு சேனல் விட்டு விட்டு வருகிறது. ஓனர் மட்டும் "என்ன ஒரு இனிமை" என்கிறார். ஒன்றில் ஹீட் சிங்க்குக்கு நடுவே பல்லி முட்டை இருந்தது. மதுரை வெயிலில் அதற்கு அது நல்ல இடம்தான்.

பாஸ் அண்ணே, உங்கள் செட்டுக்குக் கண்டன்சர் மாற்றியாயிற்றா?

பழங்காநத்தம் பாஸ்:
சால்டர் தம்பி, என் செட்டில் கம்பெனி வைத்த கண்டன்சர்தான் இருக்கிறது. யாரையும் கை வைக்க விட்டதில்லை, விடவும் மாட்டேன். ஒரு தடவை டவுன் ஹால் ரோட்டுச் சந்தில் ஒருவரிடம் டயல் பல்பு மட்டும் மாற்றக் கொடுத்தேன். நீல எல்.இ.டி போட்டுத் திருப்பிக் கொடுத்தார். ஆன் செய்தால் போலீஸ் ஜீப் மாதிரி இருந்தது. அன்றோடு சரி.

எடைக்கு வருகிறேன். பயனியர் எஸ்.எக்ஸ்-1980 தெரியுமா? 1978-ல் வந்தது, சேனலுக்கு 270 வாட்ஸ், எடை 35 கிலோவுக்கு மேல். ஒரு ஆள் தூக்க முடியாது. அந்தக் காலத்து ஜப்பான்காரன் பைத்தியக்காரனா? காசைக் கொட்டி இரும்பும் செம்பும் எதற்கு வைத்தான்? சத்தத்துக்காக.

வைகை வாட்ஸ்:
சத்தத்துக்காக இல்லை, சட்டத்துக்காக. 1974-ல் அமெரிக்க வர்த்தகக் கமிஷன் ஒரு விதி கொண்டுவந்தது. அதுவரை ஆளாளுக்கு 'மியூசிக் பவர்', 'பீக் பவர்' என்று வாய்க்கு வந்த வாட்ஸைப் பெட்டியில் அச்சடித்தார்கள். நம்மூரில் தொண்ணூறுகளில் கையடக்க டூ-இன்-ஒன்னில் ஆயிரம் வாட்ஸ் பி.எம்.பி.ஓ என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்றார்களே, அதே வித்தை. விதி வந்தபின் தொடர்ச்சியாகத் தரக்கூடிய பவரைத்தான் போட வேண்டும். அதை அளப்பதற்கு முன்னால் அன்றைக்கு மூன்றில் ஒரு பங்கு பவரில் ஒரு மணி நேரம் ஓட்ட வேண்டியிருந்தது. ஏபி கிளாஸ் ஆம்ப், அதாவது அந்தக் காலத்து வழக்கமான வகை, கிட்டத்தட்ட அந்த அளவில்தான் அதிகம் சூடேறும். அந்த ஒரு மணி நேரத்தைத் தாங்கத்தான் அவ்வளவு ஹீட் சிங்க். கேட்பதற்கு இல்லை, பரீட்சையில் தேறுவதற்கு.

பழங்காநத்தம் பாஸ்:
மாட்டிக்கொண்டார்! 2270 அந்த விதிக்கு முன்னாலேயே கடைக்கு வந்த மாடல். எந்தச் சட்டமும் மிரட்டாத காலத்திலேயே 17 கிலோ.

வைகை வாட்ஸ்:
பெட்டியோடா, இல்லாமலா?

உசிலை அசெம்பிள்:
பெரிய மனிதர்கள் ஜப்பான், அமெரிக்கா என்று பேசுகிறீர்கள். நான் உசிலம்பட்டியில் கல்யாண வீட்டுக்கும் கோயில் கொடைக்கும் ஆம்ப் கட்டிக் கொடுப்பவன். நாலு ஜோடி 2என்3055 டிரான்சிஸ்டர், லோக்கலில் சுற்றிய டிரான்ஸ்பார்மர், கெட்டித் தகடு. என் ஆம்ப் 22 கிலோ. பாஸ் அண்ணன் கணக்குப்படி நான்தான் ஜெயித்தேன். மாலையை எங்கே வந்து வாங்கிக்கொள்வது?

பழங்காநத்தம் பாஸ்:
மைக் செட்டையும் ஹை-ஃபையையும் ஒரே தட்டில் வைக்க வேண்டாம் தம்பி. அது ஊரைக் கூட்டுகிற சத்தம்.

உசிலை அசெம்பிள்:
போன வருஷம் உங்கள் வீட்டுக் காதுகுத்துக்கு அந்தச் சத்தத்தைத்தான் கூப்பிட்டீர்கள். பாக்கி இன்னும் நிற்கிறது.

பழங்காநத்தம் பாஸ்:
அதை இங்கே இழுக்க வேண்டிய அவசியம் என்ன? அன்றைக்கு ஜெனரேட்டர் நின்றதற்கு யார் பொறுப்பு? பாதிப் பாட்டில் நின்றது. சொந்தக்காரர்கள் முன்னால் எனக்குத் தலை குனிவு. கழித்துக்கொண்டுதான் கொடுப்பேன்.

உசிலை அசெம்பிள்:
ஜெனரேட்டர் என்னுடையது இல்லை, பந்தல்காரருடையது. ஆயிரம் தடவை சொல்லியாயிற்று.

தெப்பக்குளம் ட்யூனர்:
எல்லோரும் ஆம்ப்ளிபயரையே கட்டிக்கொண்டு அழுகிறீர்கள். ரிசீவர் என்றால் ரேடியோவும் சேர்ந்ததுதானே ஐயா? அதில் பாதி உயிர் ட்யூனரில் இருக்கிறது.

ஆன்லைனில் விலை மலிவு என்று ஜப்பான் உள்நாட்டு மாடலை எடுக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். அந்தக் காலத்து ஜப்பான் செட்டில் எஃப்.எம் 76-லிருந்து 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான். கொடைக்கானல் 100.5 அந்த டயலிலேயே கிடையாது. அதோடு அது 100 வோல்ட் செட். நம் 230-ல் நேராகச் சொருகினால் புகை நிச்சயம்.

அமெரிக்க மாடல்காரர்களுக்கும் ஒன்று உண்டு. அங்கே எஃப்.எம் ஒலிபரப்பில் மேல் சுரங்களைத் தூக்கி அனுப்பி, செட்டில் அதே அளவு இறக்குவார்கள். அந்த இறக்கம் அங்கே 75 மைக்ரோசெகண்ட், இங்கே 50. அமெரிக்க செட்டில் நம் ஸ்டேஷனைக் கேட்டால் தேவைக்கு மேல் இறக்கிவிடும், ஜாலரா மங்கும். அதைத்தான் சிலர் 'பழைய செட்டின் வெதுவெதுப்பு' என்று சொல்லித் திரிகிறார்கள்.

பழங்காநத்தம் பாஸ்:
யாரைச் சொல்கிறீர்கள்? என் செட்டில் ட்ரெபிள் குமிழ் இருக்கிறது. மிட் குமிழும் தனியாக இருக்கிறது. தேவையென்றால் ஏற்றிக்கொள்வேன். நான் எல்.பி கேட்பவன், ரேடியோ அல்ல. எல்.பி.யிலும் அந்த வெதுவெதுப்பு இருக்கிறது. காது இருப்பவனுக்குக் கேட்கும்.

வைகை வாட்ஸ்:
வெதுவெதுப்பு என்றால் என்ன அண்ணே? பேஸ் கூடுதலா, ட்ரெபிள் குறைவா, டிஸ்டார்ஷனா?

பழங்காநத்தம் பாஸ்:
அல்வா என்றால் என்ன என்று வாயில் போடாதவன் கேட்கிற மாதிரி இருக்கிறது. டிஸ்டார்ஷன் பற்றி நீங்கள் பேசவே கூடாது. உங்கள் டப்பாவுக்குள் இருப்பது டி.பி.ஏ 3255 சிப். முந்நூறு வாட்ஸுக்கு மேல் என்று பீற்றுகிறீர்கள். அந்த 315 வாட்ஸ் 4 ஓமில், அதுவும் 10 சதவீத டிஸ்டார்ஷனில் போட்ட கணக்கு. பத்து சதவீதம்! என் செட்டுக்கு 0.3. சிப் செய்த கம்பெனியின் தாளிலேயே அச்சாகியிருக்கிறது, போய்ப் படியுங்கள்.

வைகை வாட்ஸ்:
ஒரு சதவீதத்திலேயே 260 வரும், அதே தாளில் அடுத்த வரி. அதை மட்டும் கண் தாண்டிவிட்டதா? சாதாரணமாகக் கேட்கும் நாலைந்து வாட்ஸில் டிஸ்டார்ஷன் எவ்வளவு என்று பாருங்கள். சரி, பேச்சு எதற்கு? ரெண்டையும் வால்ட் மீட்டர் வைத்து ஒரே அளவு சத்தத்துக்குக் கொண்டுவந்து, நடுவில் துணி கட்டிக் கேட்போம். எது எது என்று நீங்கள் சொல்லிவிட்டால் என் டப்பாவைக் காயலாங்கடையில் போடுகிறேன்.

பழங்காநத்தம் பாஸ்:
தாராளமாக. ஆனால் என் செட் என் வீட்டை விட்டு வராது. உங்கள் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. 17 கிலோவை யார் தூக்குவது?

மாட்டுத்தாவணி மோனோ:
பெட்டியைக் கழற்றிவிட்டுத் தூக்கலாமே. அப்படியே தராசிலும் ஒரு தடவை வைத்துவிடலாம்.

செல்லூர் சால்டர்:
நடுவில் துணி கட்டுவதற்கு முன்னால் அந்தக் கண்டன்சரை ஒரு தடவை அளந்துவிடலாம் அண்ணே. காய்ந்துபோன செட்டோடு புதுசை வைத்து ஒப்பிட்டால் ரெண்டு பேருக்கும் நியாயம் இல்லை. நான் மாற்றச் சொல்லவில்லை, அளக்கத்தான் சொல்கிறேன். பயாஸும் (டிரான்சிஸ்டரில் பாட்டு இல்லாதபோதும் ஓடும் மின்னோட்டம்) பார்த்துவிடலாம்.

பழங்காநத்தம் பாஸ்:
இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். முதலில் அளப்பது, அப்புறம் "ஒன்று மட்டும் மாற்றலாம்", அப்புறம் பை நிறைய பழைய சாமானைத் திருப்பித் தருவது. இந்த சப்பை வாதங்கள் எதுவும் என் கேள்வியைத் தொடவில்லை. அரை நூற்றாண்டு தாண்டிய செட் இன்னும் ஓடுகிறது. வைகை வாட்ஸின் டப்பா ஐந்து வருஷம் ஓடுமா? அதன் சிப் போனால் எந்தக் கடையில் பிரித்துப் பார்ப்பார்கள்? என் செட்டில் ஒவ்வொரு டிரான்சிஸ்டரும் கண்ணுக்குத் தெரிகிறது, கையால் கழற்றலாம். சால்டர் தம்பியே சொல்லட்டும்.

செல்லூர் சால்டர்:
அது நூற்றுக்கு நூறு உண்மை. அந்தக் காலத்து போர்டில் இடம் விட்டு வேலை செய்திருப்பார்கள், சர்க்யூட் படமும் கிடைக்கும். ஆனால் எண்பதுகளின் பக்கம் வந்த பல செட்டில் அவுட்புட்டுக்கு எஸ்.டி.கே ஐ.சி., அதாவது டிரான்சிஸ்டர்களை ஒரே கட்டியாக அடைத்த சிப், வைத்துவிட்டார்கள். அது போனால் அசல் கிடைப்பது கஷ்டம், சந்தையில் போலி நிறைய. பழையது எல்லாமே தங்கம் இல்லை.

பழங்காநத்தம் பாஸ்:
நான் எண்பதுகளைப் பற்றிப் பேசவே இல்லையே. 2270-இல் எஸ்.டி.கே கிடையாது. என் ஆளை விட்டுவிட்டு ஏன் அடுத்த வீட்டுக்காரனைக் குற்றம் சொல்கிறீர்கள்?

வைகை வாட்ஸ்:
உங்கள் ஆள் யார் என்றாவது தெரியுமா? சால் மராண்ட்ஸ் தன் கம்பெனியை 1964-லேயே சூப்பர்ஸ்கோப் என்ற அமெரிக்கக் கம்பெனிக்கு விற்றுவிட்டார். 2270 வந்தபோது அதில் அவர் பெயர் மட்டும்தான் இருந்தது. அப்புறம் 70 வாட்ஸுக்கும் 100 வாட்ஸுக்கும் வித்தியாசம் ஒன்றரை டெசிபல். அதற்குத்தான் இத்தனை கிலோ.

பழங்காநத்தம் பாஸ்:
பெயரைப் பிடித்துத் தொங்குங்கள். மளிகைக் கடைக்காரரே சாட்சி, 17 கிலோ. யார் வேண்டுமானாலும் போய்க் கேட்டுக்கொள்ளலாம்.

உசிலை அசெம்பிள்:
அதே கடையில் எனக்கும் பாக்கி பற்றி ஒரு சாட்சி கிடைக்குமா?

தெப்பக்குளம் ட்யூனர்:
100.5 இன்றைக்குக் காலையிலிருந்து எனக்கு இரைச்சலாக வருகிறது. தெற்குவாசல் பக்கம் யாருக்காவது சரியாக எடுக்கிறதா? ஏரியலைக் கொடைக்கானல் பார்த்துத் திருப்பியும் பயனில்லை.

பழங்காநத்தம் பாஸ்:
ட்யூனர் சார், அது ஏரியல் கோளாறு இல்லை, உங்கள் செட்டின் கோளாறு. எத்தனை கிலோ அது?