சென்னைக்கு வேலைக்கு வந்த சிங்கிள்கள் எங்கே போய் மனிதர்களைச் சந்திக்கிறீர்கள்?

பூட்டூர்க்காரி:
வணக்கம். வயது 26, சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம். பெருங்குடியில் வேலை, துரைப்பாக்கத்தில் ஒரு லேடீஸ் ஹாஸ்டல். சென்னை வந்து இரண்டு வருடம் ஆகிறது, ஆபீஸுக்கு வெளியே எனக்குத் தெரிந்தவர்கள் என்று சொன்னால் ஹாஸ்டல் அறைத்தோழியும் கீழே மாவு விற்கும் அக்காவும்தான். டீமில் பாதிப் பேர் பெங்களூரில் இருந்து லேப்டாப்பில் பேசுகிறார்கள். கல்லூரித் தோழிகள் ஒவ்வொருவராகக் கல்யாணமாகிப் போய்விட்டார்கள்.

வீட்டில் ஜாதகத்தைக் கையில் எடுத்துவிட்டார்கள். அழுது சண்டை போட்டு ஒரு வருடம் அவகாசம் வாங்கியிருக்கிறேன். அதற்குள் நானாக ஒருவரைப் பார்த்து, பேசி, பழகிப் பார்க்க ஆசை, அமையாவிட்டால் நாலு நல்ல நண்பர்களாவது கிடைக்க வேண்டும்.

டேட்டிங் ஆப் மூன்று மாதம் வைத்திருந்தேன். ஒருவர் நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தார், நான்காவது நாள் "ஊரில் எந்தத் தெரு, குலதெய்வம் எது" என்று ஆரம்பித்தார். அவர் எதைக் கேட்கிறார் என்று நம் எல்லோருக்கும் தெரியும். இன்னொருவர் முதல் சந்திப்பையே அவர் ரூமில் வைக்கலாம் என்றார். ஆப்பைத் தூக்கிவிட்டேன். பப் எனக்கு ஒத்துவரவில்லை, அந்தச் சத்தத்தில் எதிரில் இருப்பவர் பேசுவதே கேட்காது, அதோடு சம்பளத்தில் பாதி ஊருக்குப் போகிறது. ஹாஸ்டல் கேட் பத்து மணிக்குப் பூட்டிவிடுவார்கள். இவ்வளவையும் வைத்துக்கொண்டு எங்கேதான் போவது?

விடிகாலை_ஓட்டம்:
தோழி, நான் திருச்சியில் இருந்து வந்தவன், உங்கள் நிலைமையில் ஒன்றரை வருடம் இருந்திருக்கிறேன். எனக்குப் புரிந்த ஒரே விஷயம், சென்னைக்காரர்கள் முதல் நாளில் பேச மாட்டார்கள், தினம் பார்க்கும் முகத்திடம்தான் வாயைத் திறப்பார்கள். அதனால் புதுப்புது இடமாகத் தேடி அலையாதீர்கள், ஒரே இடத்துக்கு ஒரே நேரத்தில் விடாமல் போங்கள்.

எனக்கு அது பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரை. ஞாயிறு காலை ஐந்தரைக்கு ஷ்மிட் நினைவுச்சின்னத்துப் பக்கம் போய்ப் பாருங்கள் (நீரில் மூழ்கியவரைக் காப்பாற்றப் போய் உயிரைவிட்ட டேனிஷ் மாலுமிக்கு 1930-இல் கட்டிய அந்த வெள்ளை வளைவுதான்), ஓடுகிறவர்கள், நடக்கிறவர்கள், சைக்கிளோடு வருகிறவர்கள் என்று கும்பல் கும்பலாக நிற்பார்கள். முதல் மூன்று வாரம் ஒருவரும் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நடுவில் காய்ச்சல் வந்து ஒரு ஞாயிறு போகவில்லை, அடுத்த வாரம் ஒரு பெரியவர் "எங்கே தம்பி போன வாரம் காணோம்" என்றார். அன்று ஓடி முடித்து அவர்களோடு காபி குடிக்கப் போனேன். இன்றைக்கு இந்த ஊரில் எனக்கு இருக்கும் ஆறு நண்பர்களும் அந்தக் காபி மேஜையில் கிடைத்தவர்கள். அதில் ஒருவர் வீட்டுப் பிறந்தநாளுக்குப் போன இடத்தில்தான் நான் இப்போது பழகிக்கொண்டிருக்கும் பெண்ணைச் சந்தித்தேன், அவளுக்கு ஓட்டம் என்றாலே ஆகாது. நேராகத் தேடியிருந்தால் எங்கள் பாதை குறுக்கிட்டிருக்கவே முடியாது.

ஒரு பைசா செலவில்லை, ஹாஸ்டல் கேட் பிரச்சினையும் இல்லை.

நீலாங்கரை_அக்கா:
தங்கச்சி, நான் 34, ஹாஸ்டலில் ஏழு வருடம் இருந்தவள். பெண்ணாக எனக்குச் சரிப்பட்ட இடங்களைச் சொல்கிறேன்.

முதலாவது ஆமை நடை. ஜனவரியில் இருந்து ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் நம் கரைக்கு முட்டையிட வரும். 1988-இல் மாணவர்கள் தொடங்கிய எஸ்எஸ்டிசிஎன் என்ற கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு வார இறுதி இரவுகளில் பொதுமக்களையும் அழைத்துக்கொண்டு நீலாங்கரையில் இருந்து பெசன்ட் நகர் வரை கடலோரமாக நடக்கும். டார்ச் அடிக்கக் கூடாது, ஆமை கரையேறினால் மூச்சுவிடும் சத்தம்கூடக் கேட்கும். ஒரு குழியில் நூறு முட்டைக்கு மேல் இருக்கும், அதை எடுத்துப் பொரிப்பகத்தில் பத்திரமாகப் புதைத்து வைப்பார்கள். நாலு மணி நேரம் இருட்டில் ஒருவரோடு நடந்தால் அவர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துவிடும், யார் தண்ணீர் பாட்டிலை நீட்டுகிறார், யார் வாயை மூடாமல் தன் சம்பளத்தைப் பற்றியே பேசுகிறார் என்பதெல்லாம். ஒன்றரை மாதம் கழித்துக் குஞ்சுகளைக் கடலில் விடும்போது அதே ஆட்களை மறுபடி பார்ப்பாய்.

இரண்டாவது மொழி வகுப்பு. நுங்கம்பாக்கத்தில் மேக்ஸ்முல்லர் பவனில் ஜெர்மன், அல்லயான்ஸ் பிரான்சேஸில் பிரெஞ்சு. காசு ஆகும், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் மாதக்கணக்கில் அதே முகங்கள், ஆசிரியரே ஜோடி ஜோடியாக உட்கார வைத்து "உன் குடும்பத்தைப் பற்றிச் சொல்" என்று பேச வைப்பார், கூச்சமுள்ளவர்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. காசு வேண்டாம் என்றால் திருவான்மியூரில் பறக்கும் ரயில் ஏறிக் கோட்டூர்புரத்தில் இறங்கி அண்ணா நூற்றாண்டு நூலகம் போ. டிசம்பரில் என்றால் மயிலாப்பூர், தி.நகர் சபாக்கள், மத்தியானக் கச்சேரிகள் நிறைய இலவசம், கேன்டீனில் ஆணும் பெண்ணும் எதிரெதிரே உட்கார்ந்து ரவா தோசை சாப்பிட்டால் யாரும் முறைக்க மாட்டார்கள். இந்த ஊரில் அது சின்ன விஷயம் இல்லை. கச்சேரி சீசன் முடிந்ததும் ஜனவரியில் நந்தனத்தில் புத்தகக் காட்சி நடக்கும், அதற்குப் போ.

ஆப்பை முழுதாக ஒதுக்காதே, என் தங்கைக்கு அதில்தான் அமைந்தது. வீடியோ கால் பேசாமல் யாரையும் பார்க்கப் போகாதே. முதல் சந்திப்பு பகலில், நாலு பேர் இருக்கும் இடத்தில், போக வர உன் சொந்தச் செலவில். பணம் கேட்டால் அந்த நிமிடமே பிளாக் செய், ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு ஒளிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய். தெருவையும் குலதெய்வத்தையும் கேட்கிறவனுக்குப் பதிலே சொல்லாதே.

இன்னொன்று. கடற்கரையில் யாராவது "கல்யாணம் ஆயிடுச்சா" என்று மிரட்டினால் நடுங்காதே. கோவையில் மூடப்பட்ட ஒரு தங்கும் விடுதி வழக்கில், கல்யாணமாகாத ஆணும் பெண்ணும் ஓர் அறையில் தங்குவதைக் குற்றமாக்கும் சட்டம் எதுவும் இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2019 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. மணலில் உட்கார்ந்து பேசுவதற்கு எங்கிருந்து வரும் குற்றம்?

வேளச்சேரி_வாசி:
மேலே சொன்னதெல்லாம் சரி, ஆனால் இதைப் படிக்கும் ஆண்களுக்கு ஒரு வார்த்தை. நான் ஒரு வாசிப்புக் குழுவை நடத்த உதவுகிறேன். புதிதாக ஒரு பெண் வந்தால் அன்று ராத்திரியே இன்ஸ்டாவில் தேடிப் பிடித்து மெசேஜ் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பெண் அடுத்த வாரம் வருவதில்லை, ஏன் என்று யாரும் கேட்பதில்லை. போன வருடம் மட்டும் மூன்று பேரை இப்படி இழந்தோம், மூவருமே நன்றாகப் படிக்கிறவர்கள், எனக்கு இன்னும் அது உறுத்திக்கொண்டிருக்கிறது. அவர்கள் புத்தகத்துக்காக வந்தார்கள். இரண்டு மாதம் பொறுமையாகப் பேசிப் பழகிவிட்டு, பிடித்திருந்தால் நேரில் ஒரே ஒரு முறை கேளுங்கள், மாட்டேன் என்றால் அதோடு விட்டுவிட்டு அடுத்த வாரமும் சாதாரணமாக வணக்கம் சொல்லுங்கள்.

சகோதரி, எந்தக் குழுவில் சேர்ந்தாலும் அங்கே ஏற்கெனவே எத்தனை பெண்கள் தொடர்ந்து வருகிறார்கள் என்று பாருங்கள். விளம்பரத்தைவிட அது சரியான அளவுகோல்.

மலை_பைத்தியம்:
மலையேற்றம் பிடிக்குமா? தெரியாத வாட்ஸ்அப் குழுவோடு காட்டுக்குள் போகாதீர்கள், 2018 மார்ச்சில் தேனி பக்கம் குரங்கணிக் காட்டுத் தீயில் மலையேறப் போனவர்கள் எத்தனை பேரை இழந்தோம். இப்போது வனத்துறையே "ட்ரெக் தமிழ்நாடு" என்று நடத்துகிறது, பக்கத்து மலைக்கிராம இளைஞர்கள் வழிகாட்டிகளாக வருகிறார்கள். அதில் பதிவு செய்யுங்கள்.

பூட்டூர்க்காரி:
எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. போன ஞாயிறு ஐந்தரைக்கு எலியட்ஸ் போனேன். யாரும் பேசவில்லை. நீங்கள் சொல்லாமல் இருந்திருந்தால் அழுதுகொண்டே திரும்பியிருப்பேன், இப்போது முதல் வாரம் முடிந்தது என்று எழுதி வைத்திருக்கிறேன். அக்கா, ஆமை நடைக்கு மனசு துடிக்கிறது. ஆனால் ராத்திரி முழுக்க நடந்தால் ஹாஸ்டலில் என்ன சொல்வது? அம்மாவிடம் போன் போட்டுவிடுவார்கள்.

நீலாங்கரை_அக்கா:
அம்மாவிடம் நீயே முதலில் சொல்லிவிடு, ஆமை முட்டையைக் காப்பாற்றப் போகிறேன் என்றால் எந்த அம்மாவும் திட்ட மாட்டார். வார்டனிடம் மூன்று நாள் முன்னாலேயே லெட்டர் கொடுத்து அவுட்பாஸ் வாங்கு, அறைத்தோழியையும் கூட்டிக்கொண்டு வா. நடை முடிந்ததும் விடியும் வரை நாங்கள் பெசன்ட் நகர் மணலிலேயே உட்கார்ந்திருப்போம், வெளிச்சம் வந்த பிறகு பஸ் பிடித்துக்கொள்ளலாம். செருப்பு நல்லதாகப் போட்டுக்கொண்டு வா, மணலில் கண்ணாடித் துண்டுகள் கிடக்கும்.