மெக்டவல் கவுண்டியில் ஒரு லட்சம் பேர் எங்கே வாழ்ந்தார்கள்?

வரைபடப்பித்து:
அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தின் தென்கோடியில் இருக்கும் மெக்டவல் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். 1950 கணக்கெடுப்பில் 98,887 பேர், 2020-இல் 19,111 பேர். ஏன் போனார்கள் என்பது இருக்கட்டும், அதற்கு முன்னால் ஒரு சந்தேகம். செயற்கைக்கோள் படத்தில் சமதரையே கண்ணில் படவில்லை, எல்லாம் மலையும் காடும். இங்கே இத்தனை பேர் எப்படி இருந்தார்கள்?

கரித்தடம்:
படத்தைப் பெரிதாக்கி எல்க்ஹார்ன் ஓடையைப் பிடித்துக்கொண்டே வாருங்கள். கீஸ்டோன், கிம்பல், அப்புறம் வெல்ச். ஓடை, தண்டவாளம், ரோடு, ஒரு வரிசை வீடு, அதன் முதுகிலேயே மலைச்சரிவு. அகலமாக வளர இடமில்லாமல் ஊர்கள் நீளமாக வளர்ந்தன. ஓடைகள் மலையை ஆழமாக அறுத்ததால் நிலக்கரிப் படுகை சரிவிலேயே வெளியே தெரிந்தது, பல இடங்களில் பக்கவாட்டில் குடைந்தே எடுத்துவிடலாம். 1880-களின் கடைசியில் ரயில் வந்தது, சுரங்கக் கம்பெனிகள் வரிசை வரிசையாக வீடு கட்டின. தெற்கிலிருந்து கறுப்பினத்தவர்கள், ஐரோப்பாவிலிருந்து இத்தாலியர்கள், ஹங்கேரியர்கள் என்று எங்கெங்கிருந்தோ வந்து சேர்ந்தார்கள். கிம்பலில் முதல் உலகப் போரில் பணியாற்றிய கறுப்பின வீரர்களுக்காக 1928-இல் கட்டிய நினைவுக் கட்டடம் இன்றும் நிற்கிறது, அதைத் தவறாமல் பாருங்கள்.

தெற்குச்சரிவு:
வெல்ச் நீதிமன்றப் படிக்கட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பக்கத்துக் கவுண்டியின் மேட்வான் ஊர் போலீஸ் தலைவர், கம்பெனிகளோடு மோதிய சுரங்கத் தொழிலாளர் பக்கம் நின்ற சிட் ஹாட்ஃபீல்டை, 1921 ஆகஸ்ட் 1 அன்று ஆயுதம் இல்லாமல் மனைவியோடு அந்தப் படியேறும்போது கம்பெனிகளின் கூலி ஆட்கள் சுட்டுக்கொன்றார்கள். அந்தக் கோபம்தான் அதே மாதக் கடைசியில் பிளேர் மலையில் ஆயிரக்கணக்கான சுரங்கத் தொழிலாளர்களைத் துப்பாக்கியோடு நிறுத்தியது. ஆட்கள் போனதற்குக் காரணம் கேட்டால் முதலில் இயந்திரத்தைத்தான் சொல்வேன். 1950-களில் கரி வெட்டும் இயந்திரங்கள் பெருகின, வீடுகள் எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் மாறின, ரயில்கள் டீசலுக்குப் போயின. 1961 மே மாதம் ஏழைகளுக்கான நாட்டின் புதிய உணவுக் கூப்பன் திட்டத்தில் முதல் கூப்பன்கள் இந்தக் கவுண்டிக் குடும்பத்துக்குத்தான் போயின. அத்தனை கரியை ஏற்றுமதி செய்த ஊர் அது, எனக்கு இன்னும் வலிக்கிறது.

வரைபடப்பித்து:
நன்றி, இப்போது புரிகிறது. ஆனால் வீடெல்லாம் ஓடைக்கரையில் என்றால் வெள்ளம்?

கரித்தடம்:
2001, 2002, மறுபடி 2025 பிப்ரவரி. மேட்டுக்கு நகரலாமே என்று சொல்வது சுலபம். மேடெல்லாம் செங்குத்துச் சரிவு, நிலத்தின் பெரும்பங்கு இன்னும் வெளியூர்க் கம்பெனிகள் பெயரில்தான் இருக்கிறது. தண்ணீர் வடிந்ததும் சேற்றை வாரிக்கொட்டிவிட்டு அதே வீட்டுக்குத்தான் திரும்புகிறார்கள்.