வாசனைப் பூக்கொடியான ஸ்வீட் பீயை வளர்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? என் அனுபவம் இது

சிங்கப்பூர் தெம்பனிஸிலிருந்து எழுதுகிறேன். வீட்டுக்காரர் வேலையாக இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரியில் இரண்டு வருடம் இருந்தோம். பக்கத்து வீட்டுப் பெரியவர் கண்காட்சிக்கென்றே ஸ்வீட் பீ வளர்ப்பவர். அக்டோபரில் விதை போட்டு, குளிர்காலம் முழுக்க நாற்றுகளைக் கண்ணாடி மூடிக்குள் காப்பாற்றி, வசந்தத்தில் தரையில் நடுவார். ஒரு செடிக்கு ஒரே தண்டு, ஒரே மூங்கில் குச்சி. பக்கக் கிளை, பற்றுக்கம்பி எதையும் விடமாட்டார். கிள்ளிவிட்டுத் தண்டைக் குச்சியோடு கட்டுவார். எனக்கு மனசே கேட்கவில்லை, கொடி தானாகப் பிடித்து ஏறட்டுமே என்றேன். "விட்டால் பூக்காம்பையும் சுற்றிக் கோணலாக்கிவிடும்" என்றார். செடி உச்சியைத் தொட்டதும் கட்டுகளை அவிழ்த்து, தண்டைத் தரையோடு படுக்கவைத்து, நுனியைச் சில குச்சிகள் தள்ளி மறுபடி ஏற்றுவார். முறிந்துவிடுமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பேன். ஒன்றுகூட முறியவில்லை.

ஜூலையில் வெம் என்ற சிற்றூரில் நடந்த கண்காட்சிக்கு என்னையும் அழைத்துப்போனார். ஹென்றி எக்ஃபோர்ட் 1888இல் குடியேறி, பெரிய பூப்பூக்கும் ரகங்களை உருவாக்கிய ஊர் அது. கூடத்து வாசலிலேயே அந்த வாசனை! மல்லிகையைப்போல் கனமாக இல்லை. தேனும் ஆரஞ்சுப் பூவும் கலந்ததுபோல் லேசாக வந்தது. ஒவ்வொரு காம்பிலும் நாலு பூவாவது, இடைவெளி பிசகாமல். பெரியவர் தன் பூக்களை முந்தின நாளே வெட்டி, இரவெல்லாம் ஆழமான தண்ணீரில் நிறுத்தியிருந்தார்.

ஊர் திரும்பியபோது ஒரு உறை விதை கொடுத்தார். இங்கே மழை தொடங்கும் நவம்பரில், தாழ்வாரத்தில் ஆழமான தொட்டியில் போட்டேன். நன்றாகவே முளைத்தன. ஆனால் நூல்போல் நெடுநெடுவென வளர்ந்து, அடியிலைகள் மஞ்சளாகிப்போயின. ஒரே ஒரு காம்பு வந்தது. இரண்டு மொட்டும் விரியாமல் உதிர்ந்தன. இரவிலும் பெரும்பாலும் 24 டிகிரிக்குக் குறையாத ஊரில் அந்தச் செடி என்ன செய்யும்? அன்று அழுதுவிட்டேன். இங்கே யாருக்காவது பூத்திருக்கிறதா?

பதில், உட்லண்ட்ஸிலிருந்து:

அக்கா, எனக்கும் பூக்கவில்லை. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். காய் அச்சு அசல் பட்டாணிபோல் இருந்தாலும் விதை நஞ்சு. மிச்ச விதையை டப்பாவில் வைத்திருந்தேன், மூன்று வயதுப் பேத்தி கையில் எடுத்துவிட்டாள். வாயில் போடுவதற்குள் பிடுங்கிவிட்டேன். பிள்ளைகள் உள்ள வீட்டில் உயரத்தில் வையுங்கள்.

பதில், ஈசூனிலிருந்து:

அக்கா, நான் குளிர் கேட்கும் கொடியை விட்டுவிட்டுச் சங்குப்பூவுக்கு மாறினேன். இதுவும் அவரைக் குடும்பம்தான், ஆனால் பற்றுக்கம்பி கிடையாது. தண்டே முறுக்கிக்கொண்டு ஏறும். விதையை ஓர் இரவு ஊறவைத்துப் போட்டால் போதும். தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழிவிட்டு, சுவரோரம் வலை கட்டியிருக்கிறேன். காம்பு குட்டை, வாசனை இல்லை, பறித்தால் ஒரு நாள் தாங்கும். பூச்சாடிக்கு ஆகாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் உங்கள் பெரியவர் ஊரில் சொல்லும் விதி இதற்கும் பொருந்துகிறது. பறிக்காமல் விட்டால் காய் பிடிக்கும், பூ குறையும். நாங்கள் இரண்டு வாரம் ஊருக்குப் போய்வந்தபோது கொடி முழுக்கக் காய், பூ ஐந்தாறுதான். காய்களை எல்லாம் வெட்டியபின் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. இப்போது எதிர்வீட்டு மக்சிக் (மலாய் அம்மா) காலையில் கிண்ணத்தோடு வருவார். மலாயில் அவருக்கு இது புங்கா தெலாங்; புலுட் தாய் தாய் என்ற ஒட்டரிசிப் பலகாரத்துக்கு நீலம் ஏற்ற வேண்டும். பூவை அவர் கொண்டுபோவார், மாலையில் கயா என்ற தேங்காய்ப்பால் ஜாம் தடவிய துண்டு ஒன்று எங்களுக்கு வரும்.

வெள்ளைப் பூ ரகத்தின் விதையும் கொஞ்சம் இருக்கிறது, அக்கா. வேண்டுமென்றால் சொல்லுங்கள், சனிக்கிழமை தெம்பனிஸ் பக்கம் வருகிறேன்.