அப்பாவின் நோட்டில் இருந்த ஒரு வரி: லமோட் டூபான்ட் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

அருவங்காட்டுக்காரன்:
எங்கள் அப்பா இங்கே அருவங்காட்டில், துப்பாக்கிக்கும் பீரங்கிக்குமான வெடிமருந்து செய்யும் கார்டைட் பேக்டரியில் 30 வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர். அமெரிக்காவில் கருமருந்து ஆலை நடத்திய டூபான்ட் குடும்பத்தைப் பற்றி அடிக்கடி சொல்வார். ஆற்றோரத்தில் ஆலை, மூன்று பக்கம் கனத்த கல்சுவர், ஆற்றைப் பார்த்த பக்கம் மட்டும் லேசாகக் கட்டியிருப்பார்களாம், வெடித்தாலும் வேகம் தண்ணீர்ப் பக்கம் போகட்டும் என்று. அப்பா போன வருஷம் தவறிவிட்டார். அவர் நோட்டைப் புரட்டினால் "லமோட், 1861, நம் ஊர் வெடியுப்பு" என்று ஒரு வரி மட்டும் இருக்கிறது. யார் இந்த லமோட்? நம் ஊருக்கும் அவருக்கும் என்ன தொடர்பு?

வெலிங்டன் வாத்தியார்:
உங்கள் அப்பா சரியாகத்தான் குறித்து வைத்திருக்கிறார், "நம் ஊர்" என்று அவர் எழுதியது நம் நாட்டை. அந்தக் கல்சுவர் ஆலையை 1802இல் பிராண்டிவைன் ஆற்றங்கரையில் தொடங்கியவர் இரெனே டூபான்ட், பிரான்சில் வேதியியல் அறிஞர் லவாய்சியரிடம் கருமருந்து செய்யக் கற்றவர். லமோட் அவருடைய பேரன், 1831இல் பிறந்தார், வேதியியல் படித்தவர்.

கருமருந்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு வெடியுப்புதான் (பொட்டாசியம் நைட்ரேட்), மீதிதான் கரியும் கந்தகமும். அன்றைக்கு உலகத்துக்கு வெடியுப்பு பெரும்பாலும் பீகார் பக்கத்திலிருந்து போனது. நோனியா மக்கள் மண்ணைச் சுரண்டி, நீரில் கரைத்து, காய்ச்சி எடுத்த உப்பு அது. கல்கத்தா வழியாக லண்டன் போய்ச் சேரும். 1861இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டதும் வடக்கு அரசுக்காக லமோட் இங்கிலாந்து போய், கையில் கிடைத்த வெடியுப்பையெல்லாம் வாங்கிக் குவித்தார். அந்த நேரம் பார்த்து டிரென்ட் என்ற பிரிட்டிஷ் கப்பலை மறித்து, தெற்குத் தரப்புத் தூதர்கள் இருவரை வடக்குக் கடற்படை பிடித்துவிட்டது. உடனே பிரிட்டன் ஏற்றுமதியை நிறுத்தியது. தூதர்களை விட்ட பிறகுதான் சரக்கு கிளம்பியது. பீகாரில் குடிசையோரம் காய்ச்சிய உப்பு ஒரு கண்டத்தின் போரையே காக்க வைத்திருக்கிறது, இதை நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

அருவங்காட்டுக்காரன்:
ரொம்ப நன்றி சார். அப்படியானால் அவர்கள் எப்போதும் நம் உப்பையே நம்பியிருந்தார்களா?

வெலிங்டன் வாத்தியார்:
போர் மருந்துக்கு மட்டும். சுரங்கத்துக்கு வேறு வழியை லமோட்டே ஏற்கெனவே கண்டுபிடித்துவிட்டார். வெடியுப்புக்குப் பதிலாகத் தென் அமெரிக்காவில் கிடைத்த சோடியம் நைட்ரேட் மலிவு, ஆனால் ஈரத்தை இழுக்கும். அதை வைத்தே பாறை உடைக்கும் மருந்து செய்து, ஈரம் தாக்காதபடி மருந்து மணிகளுக்கு கிராபைட் பூசி, 1857இல் காப்புரிமை வாங்கினார். பென்சில்வேனியா நிலக்கரிச் சுரங்கங்களுக்கு அது பெரிய வரமாக அமைந்தது. வியாபாரியாக அவர் செய்த காரியங்களில் எனக்கு இதுதான் பெரியதாகத் தெரிகிறது.

ஓய்வுபெற்ற தொழிலாளி, குன்னூர்:
தம்பி, அவர் எப்படி இறந்தார் என்று யாரும் சொல்லவில்லையே. சித்தப்பா ஹென்றிதான் அப்போது குடும்பத் தலைவர், டைனமைட்டை அவருக்குப் பிடிக்காது. லமோட் கேட்கவில்லை, 1880இல் நியூஜெர்சியில் ரெப்பானோ என்ற இடத்தில் டைனமைட் ஆலை தொடங்கினார். 1884 மார்ச் 29 அன்று தொட்டியில், டைனமைட்டுக்கு வெடிக்கும் சக்தி தரும் நைட்ரோகிளிசரின் என்ற திரவம் சூடேறிப் புகைய ஆரம்பித்தது. முதலாளிதானே, நினைத்திருந்தால் ஓடித் தப்பியிருக்க முடியும். ஆனால் அவர் தொட்டியில் இருந்ததைத் தண்ணீரில் கொட்டிவிடப் பார்த்தார், அதற்குள் வெடித்து அவரும் கூட இருந்தவர்களும் போய்விட்டார்கள். மகன் பியருக்கு அப்போது 14 வயது. பிற்காலத்தில் டூபான்ட் கம்பெனியையே வழிநடத்தியவர் அவர்தான்.

கார்டைட்டிலும் நைட்ரோகிளிசரின் உண்டு, உங்கள் அப்பாவுக்கு அது நன்றாகத் தெரியும். இந்த வேலையில் இருப்பவன் கண் எப்போதும் வெப்பமானி மேல்தான் இருக்கும். முள் கொஞ்சம் ஏறினாலே வயிற்றைப் பிசையும். சிவப்புப் புகை வந்தால் யோசிக்கவே கூடாது, மொத்தத்தையும் தண்ணீர்த் தொட்டியில் இறக்கிவிட வேண்டும். லமோட் செய்ய நினைத்ததும் அதைத்தான். ஆலைக்கு ஆலை அப்பாக்கள் இதை எத்தனை தடவை மனசுக்குள் ஒத்திகை பார்த்திருப்பார்கள் என்று வீட்டில் இருந்தவர்களுக்குத் தெரியாது.

அருவங்காட்டுக்காரன்:
ஐயா, சாயங்காலம் சங்கு ஊதியதும் அம்மா வாசலுக்கு வந்து நிற்பது எதற்கென்று இப்போது புரிகிறது. நோட்டின் மற்றப் பக்கங்களையும் படம் எடுத்துப் போடுகிறேன், சில எழுத்து எனக்குப் பிடிபடவில்லை, நீங்கள் படித்துச் சொல்ல வேண்டும்.